குளிர் காய்ந்த குழு

"ஏம்மா, இந்த டீக்கடையை இன்னைக்கே பிரிச்சாகணும். இத்தனை அழகான கட்டடத்துக்கு முன்னாடி இதென்னங்க குப்பை?"

பாரம்பரியக் கட்டடக் குழுவின் தலைவர் ஈஸ்வரமூர்த்தி, பாலக்காட்டிலிருந்து வந்து காரை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக மூக்கைச் சுளித்தார். உடும்பஞ்சோலைக் காட்டோரத்தில், வெள்ளைக்காரன் காலத்தில், பட்டை சீவாத மரங்களை அப்படியே நட்டுக் கட்டியதாகப் பதிவேடு சொல்லும் வன அலுவலகம் அது. அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாமா என்று பார்க்கத்தான் குழு வந்திருந்தது.

டீக்கடை ராமுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, ஏலக்காய்த் தோட்டத்துல வேலை இல்லாதப்ப இந்தக் கடைதான் சோறு போடுது. நல்ல மரத்துலதான் கட்டியிருக்கேன்."

"நல்ல மரமா? பாசி புடிச்சுக் கிடக்குது!"

ரேஞ்சர் ராஜசேகர் குறுக்கே வந்தார். "பாவம் சார், இருந்துட்டுப் போகட்டும்."

"உங்களுக்கு ரசனையே இல்லைங்க ரேஞ்சர்."

ராமுத்தாய் ரேஞ்சரைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அவர் கண்ணாலேயே சொன்னார். அவளும் திறக்கவில்லை. கடைக்கு ஒன்றும் வராது என்று வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே.

ஈஸ்வரமூர்த்தி வராந்தாத் தூணைக் கட்டிப்பிடிக்காத குறை. "இந்தப் பட்டையோட வெடிப்பைப் பாருங்க! நூறு வருசத்து மர வாசம் வீசுதுங்க!"

குழுவினரும் ஆளுக்கொரு முறை மூச்சை இழுத்து, வீசுகிறது என்றார்கள்.

"தொடாதீங்க சார்!" என்று ராஜசேகர் பதறினார். "ரொம்பப் பழசு."

பாரம்பரியச் சின்னம்தான் என்று முடிவாயிற்று. கடையும் பிரிக்கப்பட்டது. ரேஞ்சர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாத்திரங்களை ஓரமாக அடுக்கிவிட்டு ராமுத்தாய் அழுதாள்.

சாயங்காலம் மலைக்குளிர் இறங்கியது. கடையின் மரங்களைப் பிளந்து முற்றத்தில் தீ மூட்டச் சொன்னார் ஈஸ்வரமூர்த்தி. பாரம்பரியத்தைக் காப்பாற்றிய களைப்பில் குழு சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தது. கடை போனால் என்ன, அடுப்பு இருக்கிறதே! பால் விடாத கட்டன் சாயா கேட்டார்கள். ராமுத்தாய் போட்டுக் கொடுத்தாள்.

"அருமையா எரியுதும்மா! இந்த மாதிரி மரம் இன்னும் இருக்குதா?"

கடையே போன பிறகு அவளுக்கு யாரிடம் என்ன பயம்?

"இல்லங்கய்யா. போன வருசம் இந்த ஆபீசை இடிச்சு, சிமென்ட்டுல கட்டி, மரம் மாதிரியே பெயின்ட் அடிச்சாங்கல்ல? அப்ப ரேஞ்சரய்யா கழட்டி வித்தது போக, பழைய தூணுல இதுதான் மிச்சம் இருந்துச்சு."