அம்மை குத்திக்கொள்ள வந்த நாலு பேர்

வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டும், மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியவர்கள் யாரும் அம்மை குத்திக்கொள்ள வரவில்லை. மாரியம்மன் கோபித்துக்கொள்வாளாம்.

தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் தாமோதரன் நேற்று கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் தொண்டை வற்றப் பேசினார்.

"குத்திக்கிட்டவங்க, அம்மை கண்டவங்களைத் தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாது!"

இன்று காலை கிருஷ்ணம்மா நாலு ஆண்களைக் கூட்டிக்கொண்டு மருந்துக் கொட்டகைக்கு வந்து நின்றாள். நேற்று அவரைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடாமல் விரட்டியவள் அவள்தான்.

தாமோதரனுக்கு வாயெல்லாம் பல்.

"என் பேச்சு எடுபட்டிருச்சு, பார்த்தியா?"

"ஆமாங்கய்யா. இவங்களுக்குக் குத்துங்க."

நாலு பேரும் கையை நீட்டினார்கள். அவர் குத்தி முடித்தார்.

"உன் புருஷன் வரலையா?"

"வீட்ல படுத்திருக்காரு."

"நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வா."

"அவருக்கு வேணாங்கய்யா." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இனிமே இவங்க அம்மை கண்டவங்களைத் தொடலாமில்ல?"

"அதெப்படி இப்பவே? குத்தின இடம் கொப்புளிச்சுப் பொருக்குத் தட்டணும். ஒரு வாரமாவது ஆகும்."

கிருஷ்ணம்மா அந்த நாலு பேரையும் பார்த்தாள்.

"ஒரு வாரம் தாங்காதுங்கய்யா. விடியறதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு. பாடையில வைக்கத் தொட்டுத் தூக்க இவங்க பயந்தாங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்."

அவள் அழவில்லை. அம்மன் கூட்டிக்கொண்டு போனவர்களுக்காக அழக்கூடாது.