சேற்றுக்குள் ஒரு சாட்சி

"அக்கா, அணைக்கட்டு இன்ஜினியர் வர்றாரு" என்றான் படகோட்டி.

விலங்கியல் ஆராய்ச்சிக்காரியான அவள் அவசரமாக வாளியை ஆற்றுக்குள் கவிழ்த்தாள். வருஷக்கணக்காகச் சலித்துச் சலித்துப் பிடித்த அந்த ஒற்றை உயிர், கறுப்புக் கயிறு போல நெளிந்து சேற்றுக்குள் துளைத்துக்கொண்டு மறைந்தது. செல்போனில் இருந்த படங்களையும் அழித்தாள்.

பார்த்தால் பாம்பு, தொட்டால் மண்புழு, பிறப்பால் தவளைக்குப் பங்காளி. இப்படியொரு பிராணி இங்கே இருப்பது நிரூபணமானால் அணை வராது. கரையோர வீடுகளும் மூழ்காது. அதனால்தான் அவளுக்குப் பயம். போன வருஷம் வேறொரு ஆற்றங்கரையில் அபூர்வப் பறவையின் கூட்டைப் பார்த்ததாக ஒருவர் வாய் திறந்தார். விடிவதற்குள் மரமே இல்லை. அடுத்த மாதம் அணைக்கு அனுமதி தரும் கமிட்டி கூடும்வரை மூச்சு விடுவதில்லை என்று இருந்தாள்.

இன்ஜினியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழுக்கும் கரையில் தன் வீட்டு வாசற்படியில் இறங்குவதுபோல் இறங்கி வந்தார்.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"இல்லை."

"நல்லா தேடினீங்களா? அந்த வளைவுக்கு அப்பால, நாணல் வேருக்கு அடியில?"

எங்கே விஷ மருந்தை ஊற்றுவது என்று இடம் கேட்கிறான், களவாணி என்று நினைத்துக்கொண்டாள்.

"சல்லடை போட்டுத் தேடிட்டேன். அப்படி ஒண்ணு இந்த ஆத்துலயே இல்லை."

அவர் செல்போன் அடித்தது. "ஆமா சார், கேட்டுட்டேன். இல்லைன்னுதான் சொல்றாங்க. சரி சார், கையெழுத்து போட்டுடச் சொல்லுங்க."

"எதுக்குக் கையெழுத்து? கமிட்டி அடுத்த மாசம்தானே?"

"அவசரம்னு இன்னைக்கே கூட்டிட்டாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு நான்தான் கெஞ்சி நேரம் வாங்கினேன்."

"ஒருவேளை... அது இருந்தா?"

"இப்ப காட்ட முடியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். கலங்கிய தண்ணீர் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. சேற்றில் ஒரு துளைகூடத் தெரியவில்லை. படகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்ஜினியர் செருப்பை மாட்டிக்கொண்டு கரை மேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"அதோ, அந்த ஓட்டு வீடு எங்களுது மேடம்."