எல்லாம் செட்டு

"இவருக்கும் நகர்ந்துடுச்சு சார்" என்றாள் சங்கமித்ரா.

டாக்டர் சிவசங்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் மாணவியிடமிருந்து அந்த பிளாஸ்டர் அச்சை வாங்கிப் பார்த்தார். கிளிப் போட்டு அவர் வரிசைக்குக் கொண்டுவந்திருந்த பற்கள், காலப்போக்கில் தத்தம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தன.

காலையில் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர், மாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியில் சொந்த கிளினிக், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சி. மூன்றும் ஒரே கொள்கையின் மேல் நின்றன. அவர் முறையில் நேராக்கிய பல் ஆயுசுக்கும் நகராது. அதைத்தான் பாடமாக நடத்தினார், அதைச் சொல்லித்தான் கிளிப் போட்டார். இப்போது அதை நிரூபிக்கப் பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னால், கொள்கை பல்லிளித்தது.

"இன்னும் யாரும்மா பாக்கி?"

"தாஸ்னு ஒருத்தர் மட்டும்தான் சார். உங்க முதல் பேஷண்ட். எங்க கேஜிஎஃப்காரர். இப்ப அத்திபெலேல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். நம்பர் வாங்கிட்டேன்."

"அவருக்கும் நகர்ந்திருந்தா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் நின்னு, நான் இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லிடறேன்."

"சரி சார்" என்றாள் சங்கமித்ரா. அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

போனை எடுத்த தாஸ், பெயரைச் சொன்னதுமே குரலில் குழைந்தார்.

"சார், நீங்களா. நல்லா இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். பல்லெல்லாம் எப்படி இருக்கு தாஸ்?"

"நடுவுல கொஞ்சம் கஷ்டம் சார். இப்ப எல்லாம் செட்டு."

"ஒண்ணும் நகரலையே?"

"இம்மி நகரல சார். நீங்க அன்னிக்கு வெச்ச மாதிரியே இருக்குது."

"முடிச்சப்ப ஒரு அச்சு குடுத்தேனே, அது இருக்கா?"

"பின்ன, தூக்கிப் போடுவனா? அதுதான் சார் எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு."

கண்ணாடி முன்னால் அச்சை வைத்துக்கொண்டு பல்லைச் சரிபார்த்து வந்திருக்கிறார் போலும் என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில், யாரும் கேட்காமலே தாஸைப் பற்றிப் பேசினார். "மத்தவங்களுக்கெல்லாம் நகர்ந்துடுச்சே சார்?" என்றாள் கடைசி வரிசையிலிருந்து அனுஷா. "அவங்க என் பேச்சைக் கேக்கல" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, தாஸ் அந்தப் பழைய அச்சோடு பஸ் பிடித்து கிளினிக்குக்கு வந்தார். உள்ளே நுழையும்போதே பல் தெரியச் சிரித்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. மேல்வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல் லேசாகத் திரும்பியிருந்தது. எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்தால் பொய்ப்பல் மாதிரி தெரியும் என்று, அன்று அவரே விட்டுவைத்த திருப்பம் அது.

"பாத்தியாம்மா? அது என் கையெழுத்து."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி வகுப்பில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. சங்கமித்ரா குனிந்து தாஸின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"சார், ஒரு நிமிஷம்..."

"அப்புறம் பேசலாம். நீ மாவு கலக்கு."

அவள் அச்சு எடுக்கும் மாவைக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினாள். தாஸை நாற்காலியில் சாய வைத்து, டாக்டரே கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டார்.

"நல்லா வாயைத் திறங்க தாஸ். புது அச்சு எடுத்து, பழசோட வெச்சு அளக்கணும்."

"அளக்கறதுக்கு வாய்ல மாவு எதுக்கு சார்?" என்ற தாஸ், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சக்கரைல நம்ம பல்லு ஒண்ணொண்ணா போயிடுச்சு. பல்செட்டு கட்டறவர்கிட்ட நீங்க குடுத்த அச்சைக் குடுத்து, இதே மாதிரி வேணும்னேன். நீங்க நிதானமா அளங்க சார், நான் வெளிய உக்காந்திருக்கேன்."