ஒரு மாத மௌனம்

கிராக்கோவ் நகரத்துத் தொண்டை மருத்துவர் விட்டோல்ட், போலந்தே கொண்டாடும் ஓபரா பாடகர் ஜெனோனை வாயைத் திறக்கச் சொல்லிச் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் முத்துப்போல் வெளுத்து, ஒரு குறையுமின்றி இருந்தன. லேசான சளி, அவ்வளவுதான். முப்பது வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே நாளில் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் பாடியிருந்தார்கள். இருந்த ஒரே இடம் ஜெனோனுக்குக் கிடைத்தது. வானொலியில் அந்தக் கனத்த பாரிடோன் குரல் வந்தாலே விட்டோல்டுக்கு வயிறு எரியும், எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

“நாளைக்கு முதல் காட்சி. பாடலாமா டாக்டர்?”

“பாடினா குரலே போயிடும். ஒரு மாசம் வாயே திறக்கக்கூடாது” என்று சொல்லி, மருந்துச் சீட்டிலும் அப்படியே எழுதினார் விட்டோல்ட்.

ஜெனோனின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மருத்துவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டு, ஒரு தாளில் எழுதி நீட்டினார்: ‘வந்ததுமே உங்களை அடையாளம் தெரிந்தது. அன்று என்னைவிட நீங்கள்தான் நன்றாகப் பாடினீர்கள். ஏன் விட்டுவிட்டீர்கள்?’

விட்டோல்ட் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மாதம் என்பதை அடித்துவிட்டு, ஆறு மாதம் என்று எழுதினார்.