செவ்வாய்க்கிழமை காற்று

"தம்பி, பின் டயர் ரெண்டுக்கும் முப்பத்தாறு வைங்க."

கடைக் கதவை முழுசாகத் திறக்கக்கூட இல்லை. அதற்குள் லோரன்ஸ் ஐயாவின் குட்டி வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. துஷாந்துக்கு விடியும்போதே எரிச்சல் பிடித்துக்கொண்டது.

"ஐயா, போன புதன்கிழமதானே முப்பதுக்கு இறக்கச் சொன்னீங்க?"

"அது புதன். இன்னைக்குச் செவ்வாய்."

மலையகத்து நோர்வூட்டில் துஷாந்தின் டயர் கடைக்கு வருகிற லொறிக்காரன், வேன்காரன், ஆட்டோக்காரன் யாரும் இப்படி உயிரை எடுப்பதில்லை. காற்று அடித்தோமா, போனோமா என்று இருப்பார்கள். இந்த மனுஷன் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே கொழுந்துக்குப் பார்த்த பக்குவத்தை இப்போது டயருக்குப் பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை ஏற்ற வேண்டும், புதன்கிழமை இறக்க வேண்டும். மூன்று மாதமாக இதே கூத்து. கடையில் காற்றுக்குக் காசு வாங்கும் வழக்கமும் இல்லை.

"செவ்வாய் தோஷமாங்க ஐயா? வேதக்காரங்களுக்கும் அதெல்லாம் இருக்கா?"

லோரன்ஸ் சிரிக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்.

"இங்க பாருங்க. ரெண்டு பேருக்கு முப்பது. கார் நெறைய ஆள் இருந்தா பின்னுக்கு முப்பத்தாறு. கம்பனிக்காரன் சும்மாவா எழுதியிருக்கான்?"

"அப்ப எப்பவும் முப்பத்தாறுலயே வச்சிருங்களேன்."

"தனியாப் போறப்ப பின்பக்கம் துள்ளுது தம்பி. மழையில பிரேக் புடிச்சா வழுக்குது."

துஷாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தாறு அடித்தான். மீட்டரை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினான்.

லோரன்ஸ் காரில் ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார்.

"முப்பத்தாறு வச்சா, குழியில தூக்கித் தூக்கிப் போடுது. கொஞ்சம் இறக்கி முப்பத்துமூணு வைங்களேன்."

இறக்கினான்.

"இல்ல, அது கொறைவு. ஆளுங்க ஏறுனா அமுங்கிரும். முப்பத்துநாலு வைப்பமா?"

பின்னால் காத்து நின்ற லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். துஷாந்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா! இது டயரு. சொட்டு எண்ணி ஊத்துறதுக்கு மருந்தா? ஒன்னு முப்பது, இல்லாட்டி முப்பத்தாறு. இந்த வெளையாட்டெல்லாம் என்னால முடியாது. நாளையிலேருந்து வேற கடையப் பாருங்க!"

லோரன்ஸின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னைக்கு மட்டும் முப்பத்துநாலு வச்சுக் குடுத்திருங்க தம்பி" என்றார் மெதுவாக.

அடித்துத் தொலைத்தான். கார் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போனது.

"அந்த ஐயாவா?" என்றார் லொறிக்காரர். "செவ்வாய்க்கெழமையில ஃபெக்டரி ரோட்டுல அடிக்கடி பாக்குறேன். கார் முட்ட ஆளு ஏத்திக்கிட்டுப் போறாரு."

துஷாந்துக்குப் பொறி தட்டியது. லோரன்ஸ் ஐயா தனிக்கட்டை. மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. பிள்ளைகள் கொழும்பில். அப்படியிருக்க, கார் முட்ட யார் ஆள்?

ஹயர்! காசுக்கு ஆள் ஏற்றுகிறார், வேறென்ன? ஓசிக் காற்றை அடித்துக்கொண்டு போய் ஹயர் ஓட்டுகிறார் பெரிய மனுஷன். அதற்குத்தான் இவன் வாராவாரம் குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது.

கல்யாண வீடு, சாவு வீடு எதற்கும் பூட்டாத கடையை அன்றைக்குப் பூட்டினான். மோட்டார் சைக்கிளை விரட்டி, ரோடு வளைகிற ஃபெக்டரி முடக்கில் போய் நின்றான். பனி முழங்கால் வரை இறங்கியிருந்தது. போனில் வீடியோவைத் தயாராக வைத்துக்கொண்டான். பேஸ்புக்கில் போட்டு நாறடித்தால்தான் இந்த ஆளுக்குப் புத்தி வரும்.

அரை மணி நேரத்தில் வெள்ளைக் கார் வந்தது. ஒவ்வொரு குழியாகப் பார்த்து, ஆமை வேகத்தில் வந்தது. முன்னால் ஒருத்தி, பின்னால் மூன்று பேர். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து முகம் தெரியவில்லை.

துஷாந்த் பாதையின் நடுவே நின்று, ஒரு கையில் வீடியோவை ஓடவிட்டபடி மறு கையைக் காட்டினான்.

"நிப்பாட்டுங்க ஐயா! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, இதுதான் இவரு ஓட்டுற திருட்டு ஹயரு!"

லோரன்ஸ் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, ரோட்டுல வச்சு வேணாம். நேரமாகுது. சாயங்காலம் கடைக்கு வந்து பேசுறேன்."

"இப்பவே பேசுங்க. ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குறீங்க?"

பின்கதவு திறந்தது. இடுப்பில் ஒரு கையும் கதவில் ஒரு கையுமாக, ஒரு பெண் மெதுவாக இறங்கினாள்.

சுதர்ஷினி. அவன் மனைவி. ஏழு மாதம்.

அவளுக்குப் பின்னால் உள்ளே இருந்த இரண்டு பேருக்கும், முன்னால் இருந்தவளுக்கும் அதே நிலைமை. நால்வர் கையிலும் கிளினிக் அட்டை.

"நீ எங்க இதுல?" துஷாந்த் போனைக் கீழே இறக்கினான்.

"செவ்வாய்க்கெழமதானே கிளினிக்கு. பஸ்சுல நின்னுக்கிட்டுப் போக முடியலன்னு அன்னைக்கு அழுதேன். 'ஊர்ல எல்லாரும் போகலையா'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் எப்பிடிப் போறேன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

"ஐயா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல..."

"உங்களுக்கு வெக்கமாப் போயிருமேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் சுதர்ஷினி. "குழியில விழுறப்ப எங்கள்ல யாரு வயித்தப் புடிக்கிறான்னு கண்ணாடியில பாத்து வச்சுக்கிட்டுத்தான், அந்த மனுஷன் வாராவாரம் உங்ககிட்ட வந்து ஏச்சு வாங்குறாரு."