ஈரத்துணி

டிரம்மு மூடியத் தெறந்தான்.

மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஹீட்டர்ல செவப்பு லைட்டு. தண்ணி அவ்ளோ தெளிவு. அடில கெடக்கற கல்லுங்க எல்லாம் தெரிஞ்சுது.

பின்னாடி தயாளன் நின்னுக்கிட்டு இருந்தான். மொட்டமாடி ரூம்பு சாவிய வெரல்ல மாட்டி சுத்திக்கிட்டு.

"பாத்தியா மச்சி. ஒரு துளி நாத்தம் வர விடல."

மூடியத் தெறந்தவன் சிரிச்சான். குனிஞ்சு மோந்து பாத்தான்.

நாத்தம் இல்ல.

கடல் வாசனையும் இல்ல.

கடல்ல இருந்து எடுத்த கல்லு இல்ல அது. கடையில வெறும் வெள்ளக் கல்லா வாங்கினது. அவன் தொட்டில கடல் மீனுங்க கூடவே கெடந்து, வருஷக்கணக்கா உயிர் புடிச்சது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மீனோட கழிவ அதுதான் திங்கும். அது இல்லாட்டி அந்தத் தண்ணியே மீனக் கொன்னுடும்.

வீடு மாத்தும்போது தொட்டி விரிசல் விட்டுடுச்சு. புதுத் தொட்டி வர்ற வரைக்கும் ரெண்டு மீன டப்புல விட்டாச்சு. கல்ல எங்கயாவது வச்சாகணும். உப்புத் தண்ணில. தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும். நின்னுடுச்சுன்னா காத்து கெடைக்காம எல்லாம் செத்துடும்.

புது வீட்டுல கரண்ட்டு அடிக்கடி போகும்.

தயாளன் வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு. பழைய வீட்டுல மாடிக்காரன். ஒண்ணா டீ குடிச்ச பழக்கம்.

அவனுக்கு வேற யார் மேலயும் நம்பிக்க வரல.

தெனம் போன் பண்ணிக் கேட்டான். தெனம் அதே பதில்.

"ஓடுது மச்சி."

இப்ப அவன் சட்டக் கையச் சுருட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள கைய விட்டான். ஒரு கல்லத் தடவினான்.

நெறம் போயிருந்துச்சு. இருட்டுல கெடந்தா போகும். அது அவனுக்குத் தெரியும்.

ஆனா வழவழப்பு இருக்கும்.

இல்ல. பிரஷ் போட்டுத் தேச்ச தரை மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு.

மோட்டாரத் தொட்டுப் பாத்தான். அதுலயும் வழவழப்பு இல்ல.

கல்ல வெளிய எடுத்தான். ஓட்டைக்குள்ள மூக்க வச்சான்.

பிளீச்சிங் பவுடரு.

மெதுவா கல்லத் திரும்ப உள்ள வச்சான். வச்ச கை அடி வரைக்கும் போச்சு. வெரல்ல ஏதோ நெருடுச்சு. அள்ளிப் பாத்தான்.

கல்லுப்பு. மீன் தொட்டிக்குப் போடற உப்பு இல்ல, சாம்பாருக்குப் போடற உப்பு.

இன்னும் கரையக்கூட இல்ல.



தயாளன் எப்பவோ மோட்டாரப் புடுங்கியிருக்கான். நாறியிருக்கு. பிளீச்சிங்கக் கரைச்சு ஊத்திக் கழுவியிருக்கான். இன்னிக்கு அவன் வர்றான்னு தெரிஞ்சதும் கொழாத் தண்ணியப் புடிச்சு, உப்பக் கொட்டி, ஸ்விட்சப் போட்டிருக்கான்.

மறந்துட்டேன்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். திட்டிட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருப்பான்.

மறந்தவனுக்கு இவ்ளோ வேல இல்ல.

திரும்பிப் பாத்தான். சாவி சுத்தறது நின்னிருந்துச்சு.

தயாளன் மோட்டாரையே பாத்துக்கிட்டு இருந்தான்.



அவன், தான் கொண்டு வந்த கோணியப் பிரிச்சான். கல்ல ஒண்ணொண்ணா எடுத்து உள்ள போட்டான். கல்லு மேல கல்லு மோதற சத்தம் கேட்டுச்சு. போன தடவ அப்படிப் போடல. ஒவ்வொண்ணையும் ஈரத்துணில சுத்தி, கொழந்தையக் குடுக்கற மாதிரி தயாளன் கையில குடுத்தான்.

இன்னிக்கும் வீட்டுல இருந்து துணிய நனைச்சுத்தான் எடுத்துட்டு வந்தான். அது பக்கெட்டுல மடிச்சது மடிச்சபடி கெடந்துச்சு.

ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையப் புடிச்சு கோணியப் படியில எறக்கினாங்க. ஸ்கூட்டர்ல கால் வைக்கற எடத்துல அவன் அத வச்சான்.

தயாளன் திரும்ப மேல ஓடினான். பக்கெட்டோட வந்தான். துணிய எடுத்து நீட்டினான். சொட்டுச் சொட்டா தண்ணி வடிஞ்சுது.

"காய விடக்கூடாதுன்னு நீதானடா சொன்ன."

அவன் அந்த மூஞ்சியையே பாத்தான்.

துணிய வாங்கினான். முறுக்கினான். தண்ணி கொட்டற வரைக்கும் முறுக்கினான். அப்புறம் ஒரு சொட்டு வர்ற வரைக்கும். அதுக்கப்புறமும் முறுக்கினான். ஒதறி, நாலா மடிச்சு, தயாளன் கையிலயே வச்சான்.

போன் அடிச்சுது. வீட்டுல இருந்து மல்லிகா.

"ஏங்க, கல்ல எடுத்துட்டீங்களா? டப்புல ரெண்டு மீனும் மேல வந்து வாயத் தெறக்குது. இதுக்கு மேல தாங்காது. நீங்க வந்ததும் புதுத் தொட்டில விட்டுடலாம் இல்ல?"

ஸ்பீக்கர்ல இல்ல. ஆனா தெருவுல அப்ப வண்டி எதுவும் போகல, தயாளனுக்கும் கேட்டுச்சு.

காலுக்கு நடுவுல இருந்த கோணியப் பாத்தான்.

"தொட்டில விடாத. டப்புத் தண்ணியவே பாதி மாத்து. கல்லு இல்ல."

"என்னங்க சொல்றீங்க? நேத்துகூட ஓடுதுன்னாரே?"

தயாளன் நகரல. கையில துணி.

மேல, கல்லு இல்லாத டிரம்முல, மோட்டார் ஓடற சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு.