லேசி

"இந்த ஊர்ல பிறந்த பசங்களே இப்படித்தான். எல்லாம் லேசி."

ஸ்ரீராம் இதைத் தமிழில் சொன்னது தேனுஜாவுக்காக. அடுத்த மூச்சில் ஜெர்மனிலும் சொன்னார், முதலாளிக்காக.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரின் அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் காலையிலிருந்து ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்தாலே சிவப்புச் சிவப்பாகப் பிழை கக்கியது. எடிட்டரோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்களில், பிளகின்களில், ஒன்றும் ஏறவில்லை. செட்டிங்ஸ் கோப்பு எல்லோருக்கும் பொது. அது கடைசியாக மாறியது தேனுஜாவின் கணினியிலிருந்து.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வாரம் பார்க்கிறோம் என்று எடுத்திருக்கிறார்கள். அங்கே மூத்த புரோகிராமரான ஸ்ரீராம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால்தான் தொழில் பழக அவுஸ்பில்டுங் இடம்.

"நேத்து பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்னு மத்தியானமே கிளம்பிட்ட. நான்தான் உன் சீட்ல உக்காந்து ஃபைலை ஒழுங்கு பண்ணினேன். காலைல வந்து கெடுத்து வச்சிருக்க. ஒரு சாரியாவது சொல்லு."

"நான் அதைத் தொடேல்லை. செய்யாததுக்கு மன்னிப்புக் கேக்க ஏலாது, அண்ணை."

ஸ்ரீராம் அதை ஜெர்மனில் சொல்ல, முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

அவள் பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். ஒன்றை அணைத்ததும் மற்றதெல்லாம் எழும்பின. செட்டிங்ஸ் கோப்பில் அதன் வரியில் lazy என்று இருக்க வேண்டும். 'அந்தரப்படாதே, கூப்பிடும்போது வா' என்று பிளகினுக்குச் சொல்கிற சொல் அது. இருந்ததோ layz. அதனால்தான் முந்திக்கொண்டு ஓடிவந்து மற்றதையெல்லாம் விழுத்தியிருக்கிறது.

"பத்தாவதோட நிறுத்தினா ஸ்பெல்லிங் எங்கேர்ந்து வரும்?" என்றார் ஸ்ரீராம்.

தேனுஜா கதிரையை விட்டு எழும்பினாள்.

"நீங்கள் இருங்கோ. என்னை லேசி எண்டு சொன்னீங்களே, அந்தச் சொல்லை ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ. கீபோர்டைப் பாக்காமல், எப்பவும் அடிக்கிற மாதிரி."

ஸ்ரீராம் சிரித்துக்கொண்டே அவள் இடத்தில் உட்கார்ந்தார். தன் மேசையில் சென்னையிலிருந்து கொண்டுவந்த கீபோர்டில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவர். படபடவென்று நாலு தட்டு.

திரையில் விழுந்தது: layz.

முதலாளி குனிந்து பார்த்தார். ஸ்ரீராம் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் layz.

"இந்த ஜெர்மன் கீபோர்டில இசட் இருக்கிற இடத்திலதான் உங்கட சென்னைக் கீபோர்டில வை இருக்கு, வை இடத்தில இசட், அண்ணை," என்றாள் தேனுஜா. "நான் இந்த ஊரில பிறந்தனான். என்ர விரலுக்கு அந்தப் பிழை வராது."